கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தின் ரங்கையா குடும்பம்

1903ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பெரிய காரியங்களைத் தொடங்கினார்கள். பிப்ரவரி மாதம் பாளையங்கோட்டையில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவினார்கள். திருநெல்வேலிச் சபையாரின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தமிழ் ஊழியர்களை அனுப்பிய சங்கம் அது. அதே ஆண்டில் நெல்லூர்ச் சீமையின் தெலுங்கு பாப்திஸ்து சபையார், ஜான் ரங்கையா என்பவரை மனைவி பிள்ளைகளோடு ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேற்றினார்கள். அசரியாவின் பெயரை அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் குறைவு. ரங்கையாவின் பெயரைக் கேட்டவர்களே குறைவு. ஆனால் மலேசியாவின் நெகிரி செம்பிலானில் நீலாய், லாபு, பத்தாங் பெனார் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்த இரண்டாவது கதைதான் சொந்தக் கதை. ரங்கையா போய் இறங்கிய இடம் ஒரு தோட்டம். அவர் கூட்டிய சபை லயத்து மக்களின் சபை. எழுத்தும் வேதமும் அங்கே ஒரே கூரையின் கீழ்தான் சொல்லித்தரப்பட்டன.

நேட்டாலுக்கு நம்மவர் போன வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911இல் இந்தியா அந்த வாசலை மூடும்வரை 1,52,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். கரும்புக்காட்டில்தான் பெரும்பாலோருக்கு வேலை. நம் முன்னோரில் ஒரு பகுதியினரும் இதே ஒப்பந்த முறையில்தான் மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கு முதலில் வந்தார்கள். இங்கே அந்த முறை 1910இல் முடிந்தது. கங்காணி ஆள்கட்டும் முறை 1938வரை நீடித்தது. நேட்டாலில் கங்காணி முறை இல்லை. அங்கே வந்தவர்கள் ஊர், உறவு, சாதி என எல்லாம் சிதறி, பதிவு எண்ணோடு இறங்கினார்கள். ஒரே கிராமத்தார் ஒரே தோட்டத்தில் சேர்ந்திருக்கும் வாய்ப்பு, கங்காணியின் எல்லாக் கொடுமைகளுக்கும் நடுவே, மலாயாவில் ஓரளவு இருந்தது. நேட்டாலில் அதுவும் அரிது. ஆகவே அங்கே தாய்மொழியில் பேசி லயத்துக்குள் வரும் ஓர் ஆசிரியருக்கு இருந்த மதிப்பு நாம் நினைப்பதைவிடப் பெரியது.

அப்படி முதலில் வந்தவர் ஆங்கிலேயர் ஒருவர். ரால்ஃப் ஸ்டாட் என்னும் வெஸ்லியன் மெதடிஸ்டு போதகர் 1862இல் நேட்டாலுக்கு வந்தபோது முதுமையை நெருங்கியிருந்தார். பல்லாண்டுகள் இலங்கையில், மட்டக்களப்பில், ஊழியம் செய்து தமிழ் கற்றவர் அவர். 1814இல் வில்லியம் ஆல்ட் பள்ளி தொடங்கிய அதே மட்டக்களப்பு. அந்தக் கடற்கரைத் தமிழ் இந்துமாக்கடலைக் கடந்து டர்பனின் கரும்புக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டம் தோட்டமாகப் போய், வேலை முடிந்த நேரத்தில் லயங்களில் பேசுவதும் பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பிப்பதும் அவர் வழக்கம். அவருக்குப் பின் அந்தப் பணியை ஏற்றவர் அவருடைய மகன் சைமன் ஹார்னர் ஸ்டாட். மிஷன் சங்கங்கள் வேறு இடத்திலிருந்து ஆளைப் பொறுக்கி அனுப்பியிருக்கலாம். தகப்பன் விட்ட பணியை மகன் தொடர்ந்ததற்கு, அந்த மக்களின் பேச்சும் பழக்கமும் அவருக்குப் புதியவையாக இல்லாததே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். குடும்பம் குடும்பமாக நடந்த ஊழியங்களின் பலம் அதுதான். ஒருவர் கற்ற மொழி அவரோடு போய்விடாமல் அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்கிறது.

கத்தோலிக்கத் தரப்பில் சபோன் என்னும் பிரெஞ்சுக் குருவானவரும் தமிழ் கற்று இந்தியரிடையே பணி செய்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் புனித எய்டன் மிஷனை டர்பனில் தொடங்கியவர் டாக்டர் லான்சலட் பார்க்கர் பூத். அவருடைய மருத்துவமனையில்தான் வழக்கறிஞர் காந்தி அன்றாடம் சற்று நேரம் மருந்து கலந்து கொடுத்துப் பணிவிடை செய்தார். அங்கே வந்த தொழிலாளரில் தமிழரும் தெலுங்கரும் நிறைய இருந்ததையும், அவர்களுடைய நோவுகளைக் கேட்டறிந்ததையும் அவரே தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். 1878இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் இயற்றி, இந்தியக் குடியேறிகளின் பிள்ளைகளுக்காகப் பள்ளி வாரியம் ஒன்றை அமைத்தது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் பள்ளிகளை நடத்தியவை மிஷன்களே; அரசு மானியம் கொடுத்தது. கட்டாயக் கல்வி கிடையாது. பிள்ளைக்குக் கை வளர்ந்ததும் தோட்டத்தில் வேலை காத்திருந்தது. அந்தச் சில பென்னி வீட்டு அடுப்புக்குத் தேவையாக இருந்தது. நம் கதையும் இதேதான். 1912இல் மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்குமேலோ உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. துரைமார் சட்டத்தை எப்படி நிறைவேற்றினார்கள் என்பதை நெகிரி செம்பிலானின் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையே வகுப்பறை. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். பால்மரக்காட்டில் மங்கு துடைக்க ஆள் வேண்டிய நாளில் பள்ளிக்கூடம் தானாக வெறிச்சோடும். நேட்டாலில் கரும்பும் தேயிலையும், இங்கே ரப்பரும் பிள்ளைகளின் விரல்களை ஒரே விதமாகத்தான் பார்த்தன. சட்டம் பள்ளியைத் திறக்கலாம். பிள்ளையை அதில் உட்காரவைப்பதற்கு லயத்துக்கு வந்து தாயோடும் தகப்பனோடும் பேசும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதே ரங்கையா குடும்பத்தின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப்படுவது.

அவரை அனுப்பிய சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அமெரிக்க பாப்திஸ்துகள் 1840இல் நெல்லூரில் தொடங்கிய மிஷன், பல்லாண்டுகள் ஆள் சேராமல் மூடப்படும் நிலைக்கு வந்த ஒன்று. 1876 தொடங்கி 1878வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் நிலைமை மாறியது. ஓங்கோல் மிஷனெரி ஜான் கிளவ், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்துப் பட்டினி கிடந்த மக்களுக்கு வேலை கொடுத்தார். நிவாரணத்துக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வராதிருக்க, பஞ்சகாலம் முழுவதும் ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்திவைத்தார். நிவாரணப் பணி முடிந்தபின் 1878 ஜூலை 3ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றங்கரையில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலோர் மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்தார். அதே பஞ்சமும் அதே ஒடுக்குமுறையும்தான் அந்தப் பக்கத்து ஏழைகளை ஆள்கட்டுவோரின் கையில் ஒப்படைத்துக் கப்பலேற்றின. ஒரே ஊரில் ஒரு வீட்டார் சபைக்குள் வர, பக்கத்து வீட்டார் நேட்டாலுக்குப் போனார்கள். இரண்டும் செய்தவர்களும் உண்டு. தங்கள் மக்கள் மேய்ப்பரில்லாமல் கடல் கடந்து கிடக்கிறார்கள் என்ற நினைப்பு நெல்லூர்ச் சபைகளில் எழுந்தது இயல்பே. நேற்றுவரை ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தவர்கள், வெள்ளைக்காரச் சங்கத்தின் உத்தரவுக்குக் காத்திராமல், தங்கள் சொந்த உள்நாட்டு மிஷன் சங்கத்தின் பெயரால் ஆப்பிரிக்காவுக்கு ஆள் அனுப்பினார்கள். இந்தியச் சபை வரலாற்றில் இதற்குரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

ரங்கையா தம் பணியின் மையமாகக் கொண்டது கியர்ஸ்னி. டர்பனுக்கு வடக்கே, அன்று ஸ்டாங்கர் என்றும் இன்று க்வாடுகுசா என்றும் வழங்கும் ஊருக்கருகில் உள்ள மேட்டுநிலம். ஜேம்ஸ் லீஜ் ஹூலட் என்னும் துரையின் தேயிலைத் தோட்டம் அங்கே இருந்தது. நேட்டாலில் தேயிலை பயிரிட்ட முன்னோடிகளில் அவர் ஒருவர், 1902இல் அரசப் பட்டம் பெற்றவர், மெதடிஸ்டு பக்தர். அவருடைய தோட்டத்துத் தெலுங்குத் தொழிலாளரிடையே 1903 டிசம்பர் 27ஆம் நாள் நேட்டாலின் முதல் இந்திய பாப்திஸ்து சபை நிறுவப்பட்டது. துரை ஒரு சபையைச் சேர்ந்தவர், தொழிலாளர் வேறொரு சபையைச் சேர்ந்தவர். தொழிலாளர் தங்கள் ஆலயத்தைத் தங்கள் மொழியில், தங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கீழ் அமைத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் எல்லாமே துரைக்குச் சொந்தம் என்று வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உடைமை என்று நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அந்த ஆண்டின் இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் தங்குவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்டவேண்டும் என்று 1895ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1903இல் அதை அவர்களுடைய பிள்ளைகள்மீதும் நீட்டினார்கள்: ஆணுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13 வயது முதல். மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். முதலாண்டுக் கூலிக்காரரின் ஆறு மாதச் சம்பளம். பதின்மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளையின் தலைமேல் இந்தச் சுமையை வைத்துவிட்டு அவளைப் பள்ளிக்கு அனுப்பு என்றால் எந்தத் தாய் அனுப்புவாள்? ரங்கையா குடும்பம் சிலேட்டும் புத்தகமும் கையில் கொண்டு லயத்து வாசலுக்குப் போனபோது எதிரே நின்றது இந்தக் கணக்கு. இந்த வரி 1914இல்தான் நீங்கியது. அதற்கு முந்திய போராட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை என்னும் பதினாறு வயதுப் பெண் சிறை சென்று நோயுற்று உயிர்விட்டதை நாம் அறிவோம்.

ரங்கையாவின் மனைவி கனகம்மாவைப் பற்றி நூல்களில் கிடைப்பது ஓரிரு வரிதான். பெண்களிடையே அவர் பணி செய்தார் என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது ஆறாத குறை. தோட்டத்தில் வேதத்தையும் எழுத்தையும் பெண்களிடம் கொண்டுபோவது ஆண் போதகரால் ஆகிற காரியமே இல்லை. தேயிலை கொய்துவிட்டு வந்து அடுப்பு மூட்டும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து பேசவும், பிள்ளைப்பேற்றுக்கு ஓடவும், அழுதவளோடு அழவும் ஒரு பெண் வேண்டும். போதகர் மற்றத் தோட்டங்களுக்குச் சுற்றுப்பயணம் போனால் வீடு என்னவாகும்? கதவு திறந்தே இருக்கும். மற்றவர் பிள்ளைகள் அவர் பிள்ளைகளோடு திண்ணையில் இருப்பார்கள். மிஷன் வீடு என்பதன் பொருளே அதுதான். அசரியாவின் வாழ்க்கையிலும், கல்லூரிப் படிப்புப் பெற்ற அன்பு மரியம்மாள் உடன் நில்லாதிருந்தால் தோர்ணக்கல் இல்லை. ஆண்களின் பெயரால் எழுதப்பட்ட அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பெண்களையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்று என்னை நானே வற்புறுத்திக்கொள்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின் 1915இல் ரங்கையா நேட்டாலிலேயே இறந்தார். அதற்குள் பாப்திஸ்து சபையாருக்குள் பிணக்கும் பிளவும் வந்திருந்தன. அதை மறைப்பதற்கில்லை, ஊரிலிருந்து வந்த சபைகளோடு ஊரின் சண்டைகளும் கூடவே வந்தன, இங்கேயும் அப்படித்தான். சில ஆண்டுகள் கழித்து மகன் தியோபிலஸ் ரங்கையா தகப்பனின் பணியை ஏற்றார். ஸ்டாட் வீட்டில் நடந்தது ரங்கையா வீட்டிலும் நடந்தது.

ஆனால் கியர்ஸ்னியின் தேயிலை நிலைக்கவில்லை. ஆண்டு முழுவதும் கொய்வதற்கு நிறையக் கைகள் வேண்டிய பயிர் அது. 1911இல் இந்தியாவிலிருந்து ஆள் வருவது நின்றபின் தேயிலை சுருங்கிப்போய்க் கரும்பு அந்த இடத்தைப் பிடித்தது. ஹூலட் துரையின் மாளிகை 1921இல் ஒரு பள்ளியாயிற்று. சபையார் டர்பனுக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தார்கள். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள்; ஆராதனையும் மாறியது. தோட்டம் போய்ச் சபை மிஞ்சிய அந்தக் காட்சியை நாம் நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையை வெட்டி வீடமைப்புத் திட்டங்களும் கல்லூரிகளும் வந்தன. 1998இல் பக்கத்துச் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது. லயங்கள் இருந்த இடத்தை இப்போது சொல்லித்தான் காட்டவேண்டியிருக்கிறது. தோட்டத்தோடு சேர்ந்து மறைந்துவிடாமல் ஊர் மாறி, பெயர் மாறி இந்த வட்டாரத்தில் இன்றும் நடக்கும் தமிழ்ப்பள்ளிகள், அங்கே வாத்தியார்களாக இருந்தவர்களின் உழைப்பில் நிற்பவை. அவர்களில் கிறிஸ்தவரும் உண்டு, கிறிஸ்தவரல்லாதோரும் உண்டு. மாலையில் தேவாரமும் காலையில் அரிச்சுவடியும் சொல்லித்தந்தவர்களின் பணியும் இந்தப் பணியைச் சேர்ந்ததே.

நேட்டால் இந்தியரின் வரலாற்றை எழுதுவோருக்கு ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு கப்பலின் பெயர்ப்பட்டியலும் பத்திரமாக இருக்கிறது. பேரனுக்குப் பேரன் வந்து தன் பாட்டியின் பெயரை அதில் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. நம் தோட்டப் பள்ளிகளின் பதிவேடுகளோ, தோட்டம் கைமாறும்போதெல்லாம் குப்பைக்குப் போயிருக்கின்றன. நீலாய், லாபு, பத்தாங் பெனார், பாஜம், மந்தின் பகுதித் தோட்டங்களில் படித்தவர்கள் இந்த மலரை வாசித்தால், தங்களுக்கு எழுத்தறிவித்தவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் நினைவிருக்கும்வரை எழுதி மலர்க்குழுவிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். பழைய வகுப்புப் படம் இருந்தால் நகலெடுத்துத் திருப்பித் தருகிறோம். வாத்தியாரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் மனைவியின் பெயரையும் தவறாமல் எழுதுங்கள்.