தொட்டியில் வந்த தூரதேசத்துச் செடிகள்

மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து வீடுகளில் செடி வளர்ப்பது பெரும்பாலும் சாமிக்கும் தலைக்கும் பூ வளர்ப்பதாகவே இருந்தது. வாசலோரம் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, முற்றத்தில் துளசி மாடம், கிணற்றடியில் கனகாம்பரம். எல்லாம் மண்ணிலேயே நின்றன. இலையின் நிறத்துக்காக ஒரு செடியைத் தொட்டியில் வைத்துக் காப்பாற்றும் பழக்கம் பிற்பாடு வந்தது. அதற்குத் துறைமுகங்களும் தாவரத் தோட்டங்களும் வழிவகுத்தன.

புதுச்சேரித் தாவரவியல் பூங்கா 1826இல் தொடங்கப்பட்டது. ஜாவாவிலும் பிலிப்பைன்ஸிலும் செடிகள் திரட்டி ரீயூனியன் தீவுக்கும் கயானாவுக்கும் கொண்டுசேர்த்திருந்த பெரோத்தே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர், 1870இல் இறக்கும்வரை புதுச்சேரியில் பணியாற்றினார். சென்னையில் ராபர்ட் வைட் முன்னின்று 1835இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தை அமைத்தார். பயன்தரும் பயிர்களைப் பரப்புவதே இத்தகைய தோட்டங்களின் முதல் நோக்கம். அழகுச் செடிகள் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தவை.

அக்காலக் கப்பல் பயணத்தில் உப்புக் காற்றுக்கும் நன்னீர்த் தட்டுப்பாட்டுக்கும் பெரும்பாலான செடிகள் பலியாயின. லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு இதற்கு வழி கண்டார். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வெளிவிடும் நீராவி கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே திரும்பும். 1833இல் இப்பெட்டிகள் சிட்னிவரை சென்று வென்றன. மலுக்குத் தீவுகளின் குரோட்டன்ஸ் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் மோகமாயிற்று. இங்கே பங்களா வராந்தாக்களில் வரிசைகட்டி நின்றது. அங்கே குளிருக்கு அடுப்பு மூட்டிக் காத்த செடிக்கு, சித்திரை வெயிலைத் தாங்க இங்கே ஒரு கீற்றுப் பந்தலே போதுமாயிருந்தது.

இந்த வட்டாரத்தில் பூச்செடிச் சேகரிப்பை ஒரு கலையாக வளர்த்ததில் ஆரோவில்லுக்குப் பெரும்பங்கு உண்டு. 1968 பிப்ரவரி 28இல் வானூர்ப் பகுதியில் அந்நகரம் தொடங்கப்பட்டபோது, மழை அரித்துப் பள்ளம் பறித்த செம்மண் மேடாகவே அந்நிலம் கிடந்தது. வரப்புக் கட்டி நீரைத் தேக்கி, மரம் நட்டு நிழல் உண்டாக்கிய பிறகே மென்மையான செடிகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. ஆரோவில்லை நிறுவிய, அரவிந்தர் ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னை சுமார் 900 மலர்களுக்கு ஆன்மிகப் பொருள் சூட்டியவர். ஆரோவில்லுக்கென அவர் தேர்ந்ததும் ஒரு செம்பருத்தி வகையே. வேலியோரத்துச் செடியை இவ்வளவு உயர்த்தியது ஒரு சுவையான முரண். நகரின் நடுவிலுள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரின் தோட்டங்களுக்கான நாற்றுப் பண்ணையில் வெளிநாட்டு வகைகள் திரட்டப்பட்டன. சுற்றுக் கிராமத்தவர் பலர் ஆரோவில்லின் தோட்டங்களில் வேலை செய்தனர். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையோர நர்சரிகளில் நிழல்வலையின் கீழ் ஆந்தூரியமும் ஆர்க்கிடும் விற்கின்றன. தேங்காய் மட்டைத் துண்டுகளில் நட்டு வேருக்குக் காற்று கிடைக்கச் செய்வதே இவற்றை வளர்ப்பதில் முக்கியம். வயல் மண்ணில் நட்டால் வேர் அழுகிவிடும்.

வீட்டுச் செடிகளில் ஒரு சடங்கையே உண்டாக்கியது 'பிரம்ம கமலம்'. இமயமலையின் பிரம்ம கமலத்துக்கும் இதற்கும் உறவில்லை. மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் மரங்களைப் பற்றி வாழும் கள்ளி இனம் இது. இலைபோல் தோன்றுவது தட்டையான தண்டு. அதில் ஒரு துண்டை நட்டால் வேர்விடும், ஆனால் பூக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். தொங்கும் மொட்டு நிமிர்ந்து வளைந்தால் அன்றிரவே மலரும் என்று அறிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். எட்டு, ஒன்பது மணிக்கு இதழ் பிரியத் தொடங்கி, நள்ளிரவுக்குள் முழுதும் விரிந்து, விடியலில் வாடிவிடும். தாயகத்தில் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காக ஏற்பட்ட இந்த நேரம், இங்கே அக்கம்பக்கத்தாரை அழைத்துக் கற்பூரம் காட்டும் நேரமானது. பறித்துச் சூட்டாமல், செடியிலேயே வைத்து வணங்குவதே பெரும்பாலும் வழக்கம்.

இதற்கு நேர்மாறானது மணி பிளான்ட். பசிபிக் பெருங்கடலின் மோரேயா தீவிலிருந்து வந்து எங்கும் பரவிய இக்கொடி வீடுகளில் பூப்பதே இல்லை. பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சிப் பொருளை உண்டாக்கும் மரபணு அதில் சரிவர இயங்காததே காரணம் என்று ஆய்வாளர்கள் 2016இல் விளக்கினர். அப்பொருளை வெளியிலிருந்து தெளித்துக் கொடியைப் பூக்கவும் வைத்தனர்.