வாங்கிய மூன்றாம் நாளே நாய்க்குட்டிக்கு வாந்தி, ரத்தக்கழிச்சல்... விற்ற ப்ரீடரிடம் இழப்பீடு கேட்க முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

இன்ஸ்டாகிராமில் துள்ளி விளையாடும் ஒரு குட்டி. "100% ஹெல்தி, வேக்சின் போட்டாச்சு" என்று கீழே ஒரு வரி. புன்னக்காயலில் இருக்கும் ஒரு குடும்பம் அதைப் பார்த்து, சென்னையில் இருக்கும் ப்ரீடருக்கு ஆன்லைனில் பணம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை ஆம்னி பஸ்ஸில் தூத்துக்குடிக்குக் குட்டி வந்து சேர்கிறது. மூன்றாம் நாள் சாப்பிட மறுக்கிறது. அடுத்து வாந்தி, ரத்தக்கழிச்சல். போன் போட்டால், "நாங்க குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, உங்க வீட்டுக்கு வந்த பிறகு வந்ததுக்கு நாங்க என்ன பண்றது?" என்று பதில். அதோடு நம்பரும் பிளாக்.

இது ஒரு உதாரணம்தான். ஆனால் நாய் வாங்கிய பலருக்கும் பழக்கமான கதை. இப்படி நடந்தால் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

நோய் எங்கே தொற்றியது? தேதிதான் சாட்சி

குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக்கழிச்சலும் வந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது பார்வோ வைரஸை. உலக அளவில் 1978-ல் கண்டறியப்பட்ட இந்த நோயை, இந்தியாவில் முதலில் பதிவு செய்தது 1980-களின் தொடக்கத்தில் சென்னை ஆய்வாளர்கள்தான்.

பார்வோ வைரஸ் உடலுக்குள் நுழைந்து அறிகுறி தெரிய, பொதுவாக 3 முதல் 7 நாட்கள் ஆகும். சில நேரம் 14 நாட்கள் வரைகூட ஆகலாம். அப்படியென்றால், குட்டி வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே படுத்துவிட்டால், விற்பதற்கு முன்பே தொற்று இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். "உங்க வீட்டில்தான் வந்தது" என்ற பதிலை உடைப்பது இந்தக் கணக்குதான். பத்து நாள் கழித்து அறிகுறி வந்தால், வாதம் பலவீனமாகும். எனவே அறிகுறி தொடங்கிய தேதியை மருத்துவர் சீட்டில் எழுதி வாங்குவது மிக முக்கியம்.

நாய்களுக்கு வரும் பார்வோ மனிதர்களுக்குத் தொற்றாது. ஆனால் வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் "வேற குட்டி தர்றோம்" என்று விற்றவர் சொன்னாலும் அவசரப்பட்டு வாங்கி வரக்கூடாது.

ப்ரீடருக்கு என்னென்ன விதிகள்?

மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கான விதிகளை மத்திய அரசு 2017 மே மாதம் கொண்டுவந்தது. அதன் முக்கிய அம்சங்கள்:

• மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்கக்கூடாது.
• 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது.
• வயதுக்கேற்ற தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் போட்ட பிறகே விற்க வேண்டும்.
• உணவு முறை, தடுப்பூசி மற்றும் குடற்புழு நீக்க மருந்து கொடுத்த தேதிகள், பார்த்த மருத்துவரின் பெயர், முகவரி ஆகியவற்றை வாங்குபவருக்கு எழுத்தில் தர வேண்டும்.
• தாய் நாய்க்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல், வாழ்நாளில் 5 முறைக்கு மேல் குட்டி போட வைக்கக்கூடாது.

பஸ், ரயிலில் நாயை அனுப்பவும் விதி உண்டு. பயணம் செய்யும் நிலையில் இருக்கிறது, தொற்றுநோய் அறிகுறி இல்லை என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழ் வேண்டும் என்கிறது 1978-ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதி. குட்டியை பார்சல் மாதிரி பஸ்ஸில் ஏற்றிவிடுபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சான்றிதழைத்தான்.

மீறினால் தண்டனை? அதிகபட்ச அபராதம் 100 ரூபாய்!

இங்கேதான் சிக்கல். விதியை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். ஒரு குட்டியைப் பல ஆயிரத்துக்கு விற்பவருக்கு 100 ரூபாய் டீ செலவுதான். அதோடு, இந்த அபராதத்தால் குட்டியை இழந்தவருக்கு ஒரு ரூபாய்கூட திரும்ப வராது.

அப்போ பணம் எங்கே கிடைக்கும்? அதற்கான இடம் நுகர்வோர் ஆணையம்.

நுகர்வோர் ஆணையத்தில் என்ன கேட்கலாம்?

வீட்டில் ஒரு பிள்ளை மாதிரி வளர்த்தாலும், சட்டத்தின் கண்ணில் நாய் ஓர் அசையும் சொத்து. கேட்கவே கஷ்டமாக இருந்தாலும், வாங்கியவருக்கு இதுவே சாதகம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி குறையுள்ள பொருளை விற்றவர் மீது புகார் கொடுக்க இது வழி செய்கிறது.

• பில் கொடுக்காமல் விற்பது முறையற்ற வணிகம்.
• "விற்ற குட்டியைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்று சொன்னாலே விஷயம் முடிந்துவிடாது. பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால், 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகமே.
• குட்டியின் விலை, மருத்துவச் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேட்கலாம்.
• கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.
• 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

முக்கியமான விஷயம்: ப்ரீடர் சென்னையில் இருந்தாலும் சென்னைக்கு அலைய வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த வசதி. புன்னக்காயல்காரர் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. குட்டி போட வைத்து விற்பதற்காகவே வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகிவிடும். அப்போது 'நுகர்வோர்' என்ற தகுதிக்கே சிக்கல் வரலாம்.

முதல் 48 மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

1. முதலில் சிகிச்சை. பார்வோவில் தாமதமே உயிரைக் கொல்லும். சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்காது.
2. பரிசோதனை முடிவு, மருந்து பில், மருத்துவரின் சீட்டு எல்லாவற்றையும் தேதியோடு வாங்கி வைக்கவும்.
3. விளம்பரம், சாட், பணம் அனுப்பிய ரசீது அனைத்தையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும். பிளாக் செய்த பிறகு பல விஷயம் காணாமல் போகும்.
4. நடந்ததை விற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்கவும். போனில் மட்டும் சண்டை போட்டால் ஆதாரம் நிற்காது. பதில் இல்லை என்றால் பதிவுத் தபாலில் நோட்டீஸ்.
5. குட்டி இறந்துவிட்டால், மனசு கேட்காமல் உடனே புதைத்துவிடுவார்கள். அதற்கு முன் பிரேதப் பரிசோதனை செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கவும். தாமிரபரணிக் கரையோர மக்களுக்கு நெல்லை ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உடலை ஐஸில் வைத்து எடுத்துச் செல்வது நல்லது.

பதிவு இல்லாத ப்ரீடர் என்றால் மாநில விலங்குகள் நல வாரியத்துக்கும் மாவட்ட கால்நடை பராமரிப்புத் துறைக்கும் புகார் அனுப்பலாம். போலி தடுப்பூசி கார்டு கொடுத்து ஏமாற்றியிருந்தால் போலீசில் மோசடிப் புகார். பணம் வாங்கிவிட்டு குட்டியே அனுப்பவில்லை என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930.

அரசு மையத்துக்கே பூட்டு

சட்டம் தனியாருக்கு மட்டுமா? இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நாட்டு இனங்களைக் காக்க சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாய் இனப்பெருக்க மையம் நடத்தி வந்தது. அங்கே நாய்களின் பராமரிப்பு சரியில்லை என்று விலங்கு நல அமைப்பு ஒன்று வழக்குப் போட, 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. 2017 விதிகள் வருவதற்கு முன்பே நடந்தது இது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வாங்கிய 14 வேலை நாட்களுக்குள் குட்டி நோயுற்றிருப்பதாக மருத்துவர் சான்று தந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம், வேறு குட்டி வாங்கலாம், அல்லது அதே குட்டியை வைத்துக்கொண்டு சிகிச்சைச் செலவைக் கேட்கலாம். பிறவிக் கோளாறு என்றால் 180 நாள் அவகாசம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் 6 மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர்கள் விற்கவே தடை. ப்ரீடரிடம் நேரில் போய், தாயோடு குட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். நம் ஊரில் குட்டிக்கென்று இப்படித் தனிக் காலக்கெடு இல்லாததால்தான், ஆதாரம் சேர்க்கும் பாரம் முழுக்க வாங்குபவர் தலையில் விழுகிறது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

• உங்கள் பதிவு எண் என்ன? கென்னல் கிளப் சான்றிதழைக் காட்டினால் ஏமாற வேண்டாம். அது பரம்பரைக்கான பதிவு. அரசுப் பதிவும் அல்ல, ஆரோக்கியச் சான்றும் அல்ல.
• தாய் நாயை நேரில் அல்லது வீடியோ காலில் காட்ட முடியுமா?
• தடுப்பூசி கார்டில் மருந்தின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கிறதா?
• பில் தருவீர்களா?

"பில்லெல்லாம் எதுக்கு சார்?" என்று ஒருவர் இழுத்தால், அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுவது நல்லது. நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்காகப் பேசப் போவது அந்தக் காகிதம்தான்.