மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்தின் பழைய கார்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவற்றின் அழகைப் பற்றியே எழுதுகிறார்கள். பூமாலை சூட்டிய ஒஸ்ரின் ஏ-40, கல்யாணப் பெண், நாதஸ்வரம் என்று படம் முடிந்துவிடும். நாளாந்தம் அத்தகைய காரொன்றை ஓட்டுகின்ற எமக்கு அந்தப் படம் அரைகுறையாகவே படுகின்றது. எமது வீட்டு மொறிஸ் மைனர் 1955-இல் எமது பாட்டனார் வாங்கியது. பின்னர் ஐயாவின் கைக்கு வந்து, இப்போது எம்மிடம் இருக்கிறது. கந்தோருக்கும் சந்தைக்கும் அதில்தான் போய் வருகிறோம். மழை பெய்தால் தரைத் தகரத்தின் ஓட்டை வழியே கால் நனைகிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பின் 'டிக் டிக்' ஒலி எழவேண்டும். எழாவிட்டால் இறங்கி, முன்மூடியைத் திறந்து, ஸ்பனரால் பம்பின் தலையில் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். எழுபது வயதைத் தொட்ட காரை இப்படி அடிப்பது மரியாதைக் குறைவு என்பது வீட்டாரின் அபிப்பிராயம். பம்புக்கு அந்த அபிப்பிராயம் இல்லை.

"அண்ணை, இதை ஆருக்கும் குடுத்துப்போட்டு ஒரு அல்டோ எடுங்கோவன்" என்று கேட்பவர்கள் உண்டு. பற்றினால்தான் வைத்திருக்கிறோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். பற்று இல்லாமல் இல்லை. ஆனால் இக்கார்கள் இந்த மண்ணில் எஞ்சியதற்குக் காரணம் பற்று அன்று, பஞ்சம். அதைச் சொல்வதற்கு இங்கிலாந்திலிருந்து தொடங்கவேண்டும்.

மொறிஸ் மைனர் 1948-இல் வெளிவந்தது. பின்னாளில் மினி காரை வடிவமைத்துப் புகழ்பெற்ற அலெக் இஸிகோனிஸ் இதன் கர்த்தா. போர் முடிந்து மூன்றாண்டுகள் கழிந்தும் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தது. 1950 மே மாதத்தில்தான் பங்கீடு நீங்கிற்று. கிடைத்த எண்ணெயும் தரம் குறைந்த ஒரே வகை. நல்ல பெற்றோல் அங்காடிக்குத் திரும்ப 1953 ஆயிற்று. ஆகவே அக்காலத்து எஞ்சின்கள் மட்டமான எண்ணெயைச் சகித்துக்கொள்ளும்படி, குறைந்த அமுக்க விகிதத்தில் கட்டப்பட்டன. எமது கார் இரண்டாம் வரிசையைச் சேர்ந்தது. 1952-இல் ஒஸ்ரினும் மொறிஸும் இணைந்த பின்னர் ஒஸ்ரின் ஏ-30 இலிருந்து எடுத்துப் பொருத்திய 803 சிசி எஞ்சின், ஏறத்தாழ 30 குதிரைவலு, அமுக்க விகிதம் 7-ஐச் சற்றுத் தாண்டும். மேட்டில் ஏறும்போது பின்னால் வரும் முச்சக்கரவண்டி ஹோர்ன் அடிக்கும் அளவுக்கு இது பலவீனம். அந்தப் பலவீனமே பின்னால் எம்மைக் காத்தது.

காரின் இலக்கத் தகட்டில் 'ஈ.என்.' என்ற ஆங்கில எழுத்துகள் உள்ளன. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளிலிருந்து இரண்டிரண்டாக எடுத்துத் தகடு வழங்கிய காலம் அது. 1957 ஜனவரி முதல் புதிய வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாயிற்று. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து, தகடுகளில் தமிழ் ஸ்ரீயை எழுதும் போராட்டத்தை நடத்திற்று. 1958 தொடக்கத்தில் தேசியமயமான பேருந்துகள் சிங்கள ஸ்ரீயுடன் வடக்கே வந்தபோது போராட்டம் மீண்டும் மூண்டது. தெற்கே தமிழ் எழுத்துகள் மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டு மே மாதக் கலவரத்துக்கு இட்டுச் சென்ற படிகளில் இதுவும் ஒன்று. ஓர் எழுத்துக்காக மனிதர் சிறை சென்ற காலத்தில், இரண்டாண்டு முந்திப் பிறந்துவிட்டதால் எமது கார் தப்பிற்று. பழைய கார் வாங்க வருபவர்கள் முதலில் துரு எங்கே என்று குனிந்து பார்ப்பார்கள். நாம் முதலில் தகட்டைப் பார்க்கிறோம்.

1960-களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகிற்று. 1977-இல் பொருளாதாரம் திறக்கும்வரை, இருந்ததை ஒட்டுப்போட்டு ஓட்டுவதே வழி. எமது பட்டறைக்காரர்களுக்குத் தகரத்தை வெட்டி மட்கார்ட் அடிக்கவும், ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்தவும் கைவந்தது இக்காலத்தில்தான். (1990-களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் வியாபாரி சாள்ஸ் வெயர் இலங்கையில் பட்டறை அமைத்து, இக்காரின் தகர உறுப்புகளை இங்கிருந்து அங்கே ஏற்றுமதி செய்வித்தார் என்பது இரசிக்கத்தக்க செய்தி.)

1990-இல் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது, மின்சாரம் நின்றது, ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. அரசின் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் டீசலும் பற்றறிகளும் குடாநாட்டுக்கு வருவது நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. புதிய ஜப்பானியக் கார்கள் கொட்டகைகளில் உறங்கின. கிழட்டு ஒஸ்ரின்களும் மைனர்களும் வெண்புகை கக்கியபடி வீதிக்கு வந்தன.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே எஞ்சினை உயிர்ப்பிக்கச் சிறிது பெற்றோல் வேண்டும். குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் அதை நிரப்பி, காபரேட்டரின் வாயில் பீச்சிவிட்டு, பற்றறி இல்லாதபடியால் முன்புறத் துளையில் இரும்புப் பிடியைச் செருகிச் சுற்றுவோம். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய் பின்தொடரும். இந்த எஞ்சினில் காற்று உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருப்பதால், ஒருமுறை சூடேறிவிட்டால் அந்தச் சூடே எண்ணெயை ஆவியாக்கிவிடும். பொறி பறக்கும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி வைத்தால் எஞ்சின் இடிப்பது குறையும். உயர்ந்த அமுக்கத்தில் இயங்கும் எஞ்சினிடம் இந்தச் சமாதானம் எடுபடாது. எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும், ஒயிலுக்கும் தட்டுப்பாடு. கண் எரியும், உடுப்பு நாறும். ஆயினும் கார் ஓடிற்று.

ஐயா அரிசிப் பானைக்குப் பின்னால் கால் போத்தல் பெற்றோல் ஒளித்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் அதைத் தொடமாட்டார். ஒருநாள் இரவு அயல்வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டது. கொக்குவிலிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு முகப்பு விளக்கில்லாமல் போனோம். பிள்ளை நலமாகப் பிறந்தது. எஞ்சியிருந்த பெற்றோல் அந்த ஒரு பயணத்தோடு தீர்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சின் ஆறிப்போனபடியால் இரண்டாம் தடவையும் பீச்சவேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அம்மம்மாவுக்கு மூச்சு முட்டிற்று. ஐயா இரும்புப் பிடியை அரைமணி நேரம் சுற்றினார். வெறும் மண்ணெண்ணெயில் குளிர்ந்த எஞ்சின் பிடிக்கவேயில்லை. பிறகு அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, இருபுறமும் இருவர் பிடித்தபடி உருட்டிச் சென்றோம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து அவர் காலமானார். முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஐயா வைத்தியரிடம் கேட்கவில்லை. நாமும் ஐயாவிடம் கேட்கவில்லை. அயல்வீட்டுப் பிள்ளை இப்போது தாயாகிவிட்டாள்; ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தக் காரைத் தொட்டுப் பார்த்துவிட்டே போவாள்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது காரை ஓட்டவில்லை, தள்ளினோம். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் மனிதருக்கே கால்வைக்க இடமில்லை. பின்னிருக்கையில் நடக்கமுடியாத முதியவர்கள் மூவர், யாரென்று இன்றுவரை அறியோம்.

2002-இல் பாதை திறந்ததும் புதிய வாகனங்கள் வந்தன. பழைய கார்களை அறிந்த கைகள் குறைந்தன. எமது காரில் பற்றறியின் நேர்முனைதான் உடற்தகரத்தோடு இணையும்; இக்காலத்து வழக்கத்துக்கு நேர்மாறு. இதை அறியாத பட்டறைப் பையன் ஒருவன் மாற்றிப் பொருத்திவிட, டைனமோவைச் சரிக்கட்ட இரண்டு கிழமை ஆயிற்று. அதற்குப்பின் பற்றறியின்மேல் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் தடைப்பட்டது. 2025 வரை நீடித்தது. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். வரிசையில் எமக்குப் பின்னால் புத்தம்புதுக் கார் வைத்திருந்த இளைஞர் இறங்கி வந்து, "ஐயா, இது மண்ணெண்ணெயில ஓடுமெண்டு அப்பா சொல்லுவார், உண்மையே?" என்று கேட்டார். உண்மை என்றோம். எப்படி என்று கேட்டார். சொன்னோம். ஆனால் செய்யவில்லை. அந்த மாதங்களில் கடலுக்குப் போகும் படகுகளுக்கே மண்ணெண்ணெய் இல்லை. கரையோர மக்கள் கலன்களோடு நாட்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

சூப்பிப் போத்தலை அவர் பார்க்க விரும்பினார். முன்தட்டின் உள்ளிருந்து எடுத்துக் கொடுத்தோம். ரப்பர் கல்லாக இறுகிப்போயிருந்தது. வரிசை நகர்ந்தது. இருவரும் காரைத் தள்ளினோம்.