செஞ்சிக்குக் கிழக்கே விலகிய கடல்: வழுதாவூர்ச் சிப்பியும் திருவக்கரைக் கல்மரமும்

மேல்சித்தாமூர்ச் சமணக் கோயிலில் தீர்த்தங்கரர் உருவங்களைத் தாங்கி நிற்கும் பாறையில் எந்த உயிரின் தடயமும் கிடையாது. அது செஞ்சி மலைகளைப் போன்ற படிகப் பாறை. செஞ்சிக் கிரானைட்டின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். உடலில் ஓடு கொண்ட உயிர்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அது இறுகிவிட்டது. இங்கிருந்து புதுச்சேரியை நோக்கிப் போனால் இதைவிட இளைய நிலங்கள் வரும். திருவக்கரையில் கல்லாகிய மரங்கள், வழுதாவூர்ப் பக்கம் கல்லாகிய சிப்பிகள், மரக்காணத்தை ஒட்டிக் கழுவேலியின் உவர்நீர்.

இம்மூன்றையும் ஒரே கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இங்கே உள்நாட்டுக் கடல் ஒன்று இருந்தது, அது வற்றியது, அதன் அடியில் கிடந்த மரங்கள் கல்லாயின, மிச்ச நீர்தான் கழுவேலி என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகள் இடைவெளியில் நடந்தவற்றை இது ஒன்றாக்கிவிடுகிறது. இப்பகுதி பற்றிய இருநூறு ஆண்டுக்கு மேலான ஆய்வின் வரலாறே இவற்றைத் தனித்தனியாகப் பிரித்த வரலாறுதான்.

திருவக்கரைக் கல்மரங்களுக்கு ஊர்மக்கள் முன்பே ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். வக்கிரகாளி கோயில் புராணத்தில் வதைக்கப்பட்ட வக்கிராசுரனின் எலும்புகளே அவை என்பது. நீண்டு உருண்டு கிடக்கும் அவற்றைப் பார்த்தவர்கள், ஒருகாலத்தில் உயிரோடிருந்த ஒன்றின் மிச்சம் இது என்ற அளவில் சரியாகவே ஊகித்திருக்கிறார்கள். பிரெஞ்சு இயற்கையாளர் சொனெரா 1781இல் அவற்றைப் பதிவுசெய்தார். எந்தக் காலத்து மரம் என்ற கேள்விக்கு அன்று விடை தேட வழியில்லை.

வழி சிப்பிகளிலிருந்து பிறந்தது. 1840களின் தொடக்கத்தில் கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய தொல்லுயிர் எச்சங்கள் லண்டன் நிலவியல் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். ஃபோர்ப்ஸ் வெறும் சிப்பிப் பட்டியல்காரர் அல்லர். ஏஜியன் கடலின் அடியை வாரி, எந்த ஆழத்தில் எந்த உயிர் வாழ்கிறது என்று வகுத்தவர். (குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே உயிரே இராது என்றும் அவர் கருதினார், பின்னாளில் அது பொய்த்தது.) புதுச்சேரிச் சேகரத்தில் ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டுகளும், சுருளாமல் கோலாக நீண்ட பாக்குலைட்டுகளும் இருந்தன. இரண்டும் கணவாயின் தூரத்து உறவினங்கள். இவற்றைக் கொண்டு புதுச்சேரிப் படிவுகளைக் கிரிட்டேசியஸ் காலத்தின் தொடக்கப் பகுதியில் வைத்தார் ஃபோர்ப்ஸ்.

அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. 1890களில் ஆஸ்திரியரான ஃபிரான்ஸ் கோஸ்மாட், தென்னிந்திய அம்மோனைட்டுகளை மறுபடி ஆராய்ந்தபோது வழுதாவூர்ப் படிவுகள் அக்காலத்தின் இறுதிப் பகுதிக்கு இறங்கின. ஒரே படிவின் சிப்பிகள், கோடிக்கணக்கான ஆண்டுகள் வித்தியாசம்! சிப்பிகள் மாறவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மற்ற நாடுகளிலிருந்து கிடைத்த சேகரங்கள்தாம் இடைக்காலத்தில் பெருகியிருந்தன.

உள்நாட்டுக் கடல் என்ற கருத்தை இந்த ஒப்பீடே உடைக்கிறது. ஃபோர்ப்ஸ் புதுச்சேரிச் சான்றுகளைக் கொண்டு பெயரிட்ட ‘இந்திரா’ என்ற அம்மோனைட் இனம் கனடாவின் வான்கூவர் தீவுப் பகுதியிலும் அண்டார்க்டிகாவிலும் கிடைத்திருக்கிறது. புதுச்சேரிக் கோல்வடிவ ஓடுகளின் நெருங்கிய உறவினங்கள் சிலியிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் உள்ளன. அடைபட்ட நீர்நிலையில் வாழ்ந்த உயிர் இப்படி உலகெங்கும் பரவியிருக்க முடியாது. பழம்பெருங்கண்டமான கோண்டுவானா பிளந்தபோது உருவான காவிரிப் படுகைக்குள் திறந்த பெருங்கடலே ஏறி வந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அதே கடல் விட்டுச்சென்றதுதான். எனவே அது ஏரியைப் போல வற்றவில்லை. ஏறியும் இறங்கியும் கடைசியில் கிழக்கே விலகியது.

விலகலுக்கு நடுவே ஒரு பேரழிவும் நேர்ந்தது. 1960களில் நிலவியலாளர் ராஜகோபாலன் நுண்ணுயிர் ஓடுகளைக் கொண்டு புதுச்சேரிப் படிவுகளை அடுக்கினார். வழுதாவூர், மெட்டுவெளி அடுக்குகள் கிரிட்டேசியஸ் காலத்தவை. அவற்றின் மேல் வரும் கடப்பேரிக்குப்பம், மணவெளி அடுக்குகள் அதற்கு அடுத்த காலத்தவை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்த அதே எல்லை இந்தச் சிற்றூர்களின் வயலடியில் ஓடுகிறது. மேலடுக்குகளில் அம்மோனைட் இல்லை, கடல் இருக்கிறது.

கல்மரங்கள் இதற்கெல்லாம் வெகு பின்னால் வருகின்றன. திருவக்கரைப் பூங்காவில் அவற்றைக் குனிந்து பார்க்க வேண்டும். வளையங்களும் கணுக்களும் தெளிவாகத் தெரிகின்றன. கிளை, பட்டை, இலை, வேர் எதுவும் இல்லை. எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. சில 15 மீட்டர் வரை நீளம். நின்ற இடத்திலேயே கல்லான காடாக இருந்தால் வேரோடு நிற்கும் அடிமரம் ஒன்றாவது வேண்டும். வெள்ளம் உருட்டி வந்து, கிளையும் பட்டையும் உரிந்து, மணலில் சட்டெனப் புதைந்தவை இவை. காற்றுப் புகாததால் மட்கவில்லை. நிலத்தடி நீரிலிருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வோர் உயிரணுவையும் நிரப்பிக் கல்லாக்கியது.

இவை கிடக்கும் கடலூர் மணற்கல் மயோசீன்–பிளையோசீன் காலத்தது எனப்படுகிறது. 2 கோடி ஆண்டுகள் என்று பொதுவாகச் சொல்லும் எண்ணைச் சற்றுத் தளர்வாகவே கொள்ள வேண்டும். ஆற்றுப் படிவில் கடற்சிப்பி இல்லாதபோது கணக்கிடும் பிடி குறைந்துவிடுகிறது.

ஆனால் மரத்தின் இனம் சொல்லும் செய்தி உறுதியானது. தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி 1931இல் இங்குள்ள ஊசியிலை வகையை ஆராய்ந்தார். 1950களிலிருந்து ராமானுஜம் தென்னார்க்காட்டுக் கல்மரங்களை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, சால் மரக் குடும்பம் உள்ளிட்ட பல குடும்பங்களை அடையாளம் கண்டார். சால் குடும்பத்தின் பெருமரங்களை இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் தென்கிழக்காசியாவிலும் காணலாம். காரையும் சூரையும் மண்டிய இன்றைய செஞ்சிக் குன்றுகளுக்கும் அந்தக் காட்டுக்கும் ஒட்டே இல்லை. இம்மரங்களை உருட்டி வந்த பழைய ஆறு சங்கராபரணியும் அன்று. செஞ்சிப் பக்க மலைகளில் பிறந்து திருவக்கரை வழியே ஓடும் இந்த ஆறு, அந்தப் பழம்படிவை இன்று அரித்துக்கொண்டிருக்கிறது.

கழுவேலி இந்த வரிசையில் மிக இளையது. கடல்மட்டம் கடைசியாக ஏறியிறங்கிய சில ஆயிரம் ஆண்டுகளின் விளைவு. அம்மோனைட் கடலின் மிச்சம் அன்று. மழைக்காலத்தில் ஏரிகளின் உபரிநீர் வந்து நன்னீராகிறது. கோடையில் இடையன்திட்டு முகத்துவாரம் வழியே ஏறும் உப்பு மேலோங்குகிறது. இந்த மாற்றத்தை நம்பித்தான் வலசைப் பறவைகள் வருகின்றன. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. கழுவேலி வற்றுவதைப் பழங்கடலின் தொடர்ச்சியான இயற்கை முடிவு என்று சொல்ல நிலவியலில் இடமில்லை. வழுதாவூர்க் கடல் விலகியதற்குக் காரணம் கடல்மட்டமும் நிலத்தின் அசைவும். கழுவேலியின் நீர் மேலேயுள்ள ஏரிகளின் கலங்கலையும் வரத்துக் கால்வாய்களையும் நம்பியிருக்கிறது.