தொப்பிக்குள் ஒரு கை

மாட்டின் வாயைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? நகரத்து வாசகர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது. தேனி, சின்னமனூர், கம்பம் பக்கம் திருவிழா சமயத்தில் போனால் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் தார் ரோட்டில் இரட்டை மாட்டுவண்டிப் பந்தயம் இருக்கும். சுவரொட்டியில் 'போக வர இத்தனை மைல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பந்தயத்தின் பிரிவுகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேளுங்கள்: தட்டான்சிட்டு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு! (முதலில் பெயர் வைத்த ஆசாமி நிச்சயம் கவிஞராகத்தான் இருக்க வேண்டும்.)

சின்ன மாடு சின்ன மாட்டோடு ஓடணும், பெரிசு பெரிசோடு. அவ்வளவுதான் விஷயம். வயதையும் உயரத்தையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். உயரத்தை அளந்துவிடலாம். வயதுக்கு அத்தாட்சி? மாட்டுக்கு பர்த் சர்டிபிகேட் ஏது? அதற்குத்தான் வாயைத் திறப்பது. மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. கீழே எட்டு. கன்றாக இருக்கும்போது எட்டும் பால் பல். இரண்டு வயது வாக்கில் நடுவில் உள்ள ஜோடி விழுந்து, நிலையான பல் முளைக்கும். அப்புறம் நாலு பல், ஆறு பல் என்று ஏறி, ஐந்து வயதுக்குள் எட்டும் சேர்ந்துவிடும். "இப்பத்தானுங்க ரெண்டு பல்லு போட்டிருக்கு" என்று சொந்தக்காரர் என்னதான் சத்தியம் செய்தாலும், மாட்டின் வாய் வேறு கதை சொல்லிவிடும்.

ஏன் இந்தச் சோதனை? கரிச்சானில் ஓட வேண்டிய ஜோடியைக் கமுக்கமாகப் பூஞ்சிட்டில் இறக்கிவிட்டால், பரிசு பையில்!

பலசாலி 'நான் ரொம்ப வீக்குங்க' என்று நடித்து, நிஜமாகவே வீக்கானவனின் பரிசைத் தட்டிப் பறிக்கும் இந்த வித்தைக்கு ஆங்கிலத்தில் 'சாண்ட்பேகிங்' என்று பெயர். மணல் மூட்டை! அந்தக் காலத்து ரவுடிகள் சாதுவான ஒரு சின்னப் பையில் மணலை நிரப்பிக்கொண்டு போய் மண்டையில் போடுவார்களாம். பார்த்தால் ஆயுதமாகவே தெரியாது. இந்த வார்த்தை இன்றைக்கு அதிகமாகப் புழங்குகிற இடம் எது தெரியுமா? சீமான்களின் விளையாட்டு என்று பெயரெடுத்த கோல்ஃப்!

கோல்ஃப் விளையாடாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் ரொம்ப சிம்பிள். பதினெட்டுக் குழிகள். குறைந்த அடிகளில் பந்தை எல்லாக் குழியிலும் போடுகிறவர் ஜெயிக்கிறார். நல்ல ஆட்டக்காரர் 72 அடியில் முடிப்பார். நீங்களும் நானும் போனால் நூறைத் தாண்டும். அப்படியானால் இருவரும் ஒன்றாக எப்படி விளையாடுவது? அங்கேதான் 'ஹேண்டிகேப்' வருகிறது. உங்களுக்கு 24, உங்கள் நண்பருக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 95 அடியில் முடிக்கிறீர்கள். 24-ஐக் கழித்தால் 71. நண்பர் 77-ல் முடிக்கிறார். 4-ஐக் கழித்தால் 73. ஜெயித்தது நீங்கள்! இப்படிப் புலியும் ஆடும் ஒரே துறையில் தண்ணீர் குடிக்கிற வசதி டென்னிஸிலோ கிரிக்கெட்டிலோ கிடையாது.

ஆனால் உங்கள் நிஜமான 'ஹேண்டிகேப்' 14 என்றால்? 24 என்று சொன்ன அந்த நிமிஷமே பத்து அடிகளை நண்பரின் பாக்கெட்டிலிருந்து உருவிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இந்த 'ஹேண்டிகேப்' என்ற வார்த்தை பிறந்த கதை சுவாரஸ்யமானது. ஊனமுற்றவர் தொப்பியை நீட்டிப் பிச்சை கேட்டதால் வந்தது என்று ஒரு கட்டுக்கதை உலவுகிறது. நம்பாதீர்கள். அந்த அர்த்தம் ரொம்பப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அசல் வார்த்தை 'ஹேண்ட் இன் கேப்' - தொப்பிக்குள் கை. லண்டன் மதுக்கடைகளில் ஆடிய ஒரு பண்டமாற்று விளையாட்டு. டைரி எழுதியே அமரத்துவம் பெற்ற சாமுவேல் பெப்பிஸ், 1660 செப்டம்பரில் இதை முதன்முதலாக விளையாடிப் பார்த்து ரசித்ததைக் குறித்து வைத்திருக்கிறார்.

ஆட்டம் இதுதான். என்னிடம் ஒரு கடிகாரம், உங்களிடம் ஒரு கோட்டு. மாற்றிக்கொள்ள ஆசை. எது உசத்தி, எவ்வளவு மேல்போட்டுத் தரணும் என்பதை மூன்றாவது ஆள் ஒருவர் - நடுவர் - சொல்வார். மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் காசை முன்கூட்டியே தொப்பியில் போட்டிருப்போம். நடுவர் சொன்னதைக் கேட்டுவிட்டு நானும் நீங்களும் தொப்பிக்குள் கையை விட்டு ஒரே சமயத்தில் வெளியே எடுக்க வேண்டும். சம்மதமா இல்லையா என்பதைக் கைதான் சொல்லும். இருவருக்கும் சம்மதம், அல்லது இருவருக்குமே சம்மதமில்லை என்றால், தொப்பியில் இருக்கும் காசு நடுவருக்கு. ஒருவர் சரி என்று இன்னொருவர் மறுத்தால், சரி என்றவருக்கு. இதில் இருக்கும் சூட்சுமத்தைப் பாருங்கள்... நடுவர் ஒருபக்கமாகச் சாய்ந்தால் ஒருத்தன் தலையாட்டுவான், மற்றவன் மறுப்பான். நடுவருக்குக் காலணா கிடைக்காது. ஆகவே நியாயமாக இருந்தால்தான் அவருக்கு வரும்படி! நியாயத்தை மனசாட்சியிடம் விடாமல் பாக்கெட்டோடு கட்டிப்போட்ட புத்திசாலிகள்.

நம்ம மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிறாரே, அது ஞாபகம் வருகிறதா? அங்கே துண்டு, இங்கே தொப்பி. கை ஒன்றுதான்.

தொப்பியிலிருந்து இந்த வார்த்தை குதிரை மேல் ஏறியது. வேகமான குதிரைக்கு அதிக எடையைச் சுமத்தி, எல்லாக் குதிரைகளையும் ஏறத்தாழ ஒரே கோட்டில் கொண்டுவந்து சேர்க்கும் வித்தை. அட்மிரல் ரூஸ் என்ற கடற்படைக்காரர் 1855 முதல் இங்கிலாந்தில் இந்த எடைகளை நிர்ணயித்தார். குதிரைச் சொந்தக்காரர் எவரையும் அவர் நம்பவில்லை. அதுதான் அவருடைய தகுதியே!

கோல்ஃப்பில்தான் வேடிக்கை. 1687-லேயே தாமஸ் கின்கெய்ட் என்ற எடின்பரோ மருத்துவ மாணவர், 'திறமை குறைந்தவனுக்குச் சலுகை கொடுத்து ஆடுவது நல்லதா, சமமாக ஆடிப் பந்தயப் பணத்தை மாற்றிக்கொள்வது நல்லதா' என்று டைரியில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் சலுகையை யார் கணக்கிடுவது? குதிரைக்கு ஓர் அட்மிரல் இருந்தார். கோல்ஃப் ஆடுகிற கனவானுக்கு? அவர் அடித்ததை அவரே எண்ணி, அவரே எழுதுவார். எல்லாம் ஒரு நம்பிக்கைதான். ஒவ்வொரு கிளப்பும் தன் இஷ்டத்துக்கு ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒரு கிளப்பின் 10 இன்னொரு கிளப்பில் 16. இந்தக் கூத்தை முதலில் ஒழுங்குபடுத்தியது ஒரு பெண்மணி. 1893-ல் தொடங்கிய பெண்கள் கோல்ஃப் சங்கத்தின் செயலாளர் இஸெட் பியர்சன். எல்லா கிளப்புக்கும் ஒரே அளவுகோல் என்று பிடிவாதமாக நின்று சாதித்தார். பிரிட்டிஷ் ஆண்கள் அந்த நிலைக்கு வர 1920-கள் ஆயின!

'இதெல்லாம் ஸ்காட்லாந்து சமாசாரம், தேனிக்கு என்ன?' என்கிறீர்களா? பெரியகுளத்தில் நின்று நிமிர்ந்து பாருங்கள். தலைக்கு மேலே கொடைக்கானல். அங்கே கோல்ஃப் கிளப் தொடங்கியது 1895-ல். (அதே 1895-ல்தான் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டது. பள்ளத்தாக்குக்குத் தண்ணீர், மலைக்குப் பந்து!) அன்று கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு கிடையாது. துரைமார்கள் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் குலுங்கி, பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வந்து சேர்வார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 12 மைல் செங்குத்துப் பாதை. அதற்குப் பெயரே 'கூலி காட்'. துரை குதிரையில் போவார். துரைசாணியும் குழந்தைகளும் நாற்காலியில் உட்கார, அந்த நாற்காலி நம்ம ஆட்களின் தோளில் உட்காரும். பெட்டி, பாத்திரம், பியானோ முதற்கொண்டு மனிதத் தலையில்தான் மலையேறியது. கோல்ஃப் மட்டைகள் மட்டும் பறந்தா போயிருக்கும்?

மேலே போனபின் துரை தன் ஸ்கோரைத் தானே எழுதுவார். ஒரு கனவானின் வார்த்தையைச் சந்தேகிப்பது மரியாதைக் குறைவு!

அதே காலகட்டத்தில் மலைக்குக் கீழே என்ன நடந்தது? 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அன்று இந்தப் பகுதி முழுக்க மதுரை மாவட்டம். அங்கே வாழ்ந்த பிரமலைக் கள்ளர்கள் மேல் 1910-களில் அந்தச் சட்டம் பாய்ந்தது. மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். வயது வந்த ஆண்கள் கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும். ராத்திரியில் போலீஸ் சொல்லும் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் 'ராதாரிச் சீட்டு'. திருடினானா, இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. பிறந்தாலே போதும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து நின்ற மக்கள் மீது போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்படப் பலர் இறந்தார்கள். சட்டம் இங்கே ரத்தானது 1947-ல்.

ஒரே அரசாங்கம், பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மேலே, 'நான் 83 அடித்தேன்' என்று சொன்னால் அதுவே சாட்சி. கீழே, 'நான் நேற்றிரவு வீட்டில் தூங்கினேன்' என்று சொன்னால் செல்லாது. நேர்மை என்பது அந்தக் காலத்தில் ஒரு குணமாக இல்லை, பதவியாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காகக் கோல்ஃப்காரர்கள் எல்லாரும் போலி என்று சொல்லிவிட முடியாது. 1925-ல் அமெரிக்க ஓபன் போட்டி. பாபி ஜோன்ஸ் - கடைசிவரை காசு வாங்காமல் அமெச்சூராகவே ஆடிய மேதை - புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்கத் தயாரானபோது, பந்து ஒரு சிறு அசைவு அசைந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. அதிகாரிகள் விசாரித்துவிட்டு, 'உங்கள் முடிவுக்கே விடுகிறோம்' என்றார்கள். தனக்குத் தானே ஓர் அடி அபராதம் போட்டுக்கொண்டார் ஜோன்ஸ். முடிவில் ஆட்டம் சமன். மறுநாள் 'பிளே ஆஃப்' ஆடி ஒரே ஓர் அடியில் தோற்றார்! பாராட்டியவர்களிடம் எரிந்து விழுந்தாராம்.

ஆனால் ஜோன்ஸ்கள் நிறையப் பேர் கிடையாது. கோப்பையும் பந்தயப் பணமும் இருக்கிற இடத்தில் மணல் மூட்டையும் இருக்கும். சாதாரண நாளில், கடைசிக் குழியில், இரண்டடி தூரத்துப் பந்தை 'அடடா!' என்று தவறவிடுவார்கள். நன்றாக ஆடிய நாளின் ஸ்கோரைப் பதிய 'மறந்து' போவார்கள். 'ஹேண்டிகேப்' மெல்ல ஏறும். கோப்பை நாளன்று மட்டும் புலி பாயும். இதற்கு நேர்மாறான ஆசாமிகளும் உண்டு. நிஜத்தில் 18 என்றாலும் கௌரவத்துக்காக 9 என்று சொல்லித் திரிகிறவர்கள். இவர்களை எனக்குப் பிடிக்கும். நஷ்டம் அவர்களுக்கே, அதையும் மீசையை முறுக்கிக்கொண்டே கொடுப்பார்கள்.

கடைசியில் 2020 ஜனவரியில், உலகம் முழுக்க இருந்த ஆறு விதமான கணக்குகளை ஒன்றாக்கி உலக ஹேண்டிகேப் முறை வந்தது. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துச் சராசரி போடுகிறது கம்ப்யூட்டர். வேண்டுமென்றே மோசமாக ஆடிய பன்னிரண்டு ஆட்டம் இருந்தாலும் அவை குப்பைக்குப் போய்விடும். ஒரு வருடத்தில் ஒருவருடைய எண் தாறுமாறாக ஏறினால் உச்சவரம்பு: ஐந்துக்கு மேல் ஏறவே முடியாது. திடீரென்று ஒருநாள் தன் எண்ணைவிட ஏழு அடி குறைவாக அடித்துவிட்டால், எண்ணில் ஒன்று உடனே வெட்டு. பத்து குறைந்தால் இரண்டு. அட்மிரல் ரூஸின் ஆவி கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டது என்று வையுங்கள். ஆனாலும் அதற்குள் போகிற எண்ணை எழுதுவது இன்றும் ஆட்டக்காரர்தான். கோல்ஃப்காரருக்குப் பல் பிடித்துப் பார்க்கிற வசதி இல்லை!

நிஜக் கணக்கு தெரிந்த ஒருத்தர் எப்போதும் கூடவே இருக்கிறார். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுக் குழிக்கும் பின்னாலேயே நடக்கிறவர். அவருக்குப் பெயர் 'கேடி'. (நம்ம போலீஸ் ஸ்டேஷன் கேடி வேறு. அது 'நோன் டெப்ரடேட்டர்' என்பதன் சுருக்கம், சர்க்கார் பழைய குற்றவாளிகளுக்கு வைத்த பெயர்.) புதருக்குள் பந்தைக் காலால் தள்ளியது, மூன்றாவது அடியை எண்ணாமல் விட்டது, கடைசி இரண்டடியை வேண்டுமென்றே தவறவிட்டது எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் அட்டையில் கையெழுத்துக்கு இரண்டு கோடு போட்டிருக்கும். ஒன்று ஆடியவருக்கு. இன்னொன்று கூட ஆடி அவர் ஸ்கோரைக் குறித்தவருக்கு. கேடி பையை இறக்கி வைத்துவிட்டுக் கூலிக்காகக் காத்திருப்பார்.