பட்டமும் விமானி உரிமமும்

1929-ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாக விமானி உரிமம் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா. அவர் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். பம்பாயில் விமானப் பயிற்சிக் கழகமொன்றில் பறக்கக் கற்றவர். 1932 அக்டோபர் 15-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அவர் கொணர்ந்த தபாலை, அங்கிருந்து சென்னைக்கு ஓட்டி வந்தார் நெவில் வின்சென்ட்.

1985-இல் உத்தரப் பிரதேசத்து ஃபுர்சத்கஞ்சில் அரசின் விமானப் பயிற்சிக் கழகம் தோன்றிற்று. பின்னர்க் கல்லூரிகள் பலவும் விமானவியற் பட்டம் வழங்கலாயின.

ஆயினும் பட்டம் வேறு, உரிமம் வேறு. காற்றின் போக்கையும் எந்திரத்தின் இயல்பையும் பட்டப் படிப்பு விளக்கும். வணிக விமானி உரிமத்திற்கோ உடற்தகுதியும், தேர்வுகளில் வெற்றியும், 200 மணி நேரப் பறத்தலும் வேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களே! சேமித்த பொருளைச் செலுத்துமுன், "என் பிள்ளை எத்தனை மணி நேரம் பறப்பான்?" என்று வினவுங்கள்.