வண்டிக்கு இழுவை கூட்டிய கதை

"வண்டி எப்படி, ஏத்தத்துல இழுக்குதா?"

நம் பக்கத்து லாரிக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் நலம் விசாரித்த கையோடு கேட்கிற கேள்வி இது. என்ன நிறம், என்ன வருஷம் என்பதெல்லாம் அப்புறம்தான். ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், சிவகாசிப் பக்கம் ஏறுகிற லோடில் பாதி தீப்பெட்டியும் பட்டாசும். இடத்தை அடைக்கும், எடை அதிகம் இராது. ஆனால் அதே வண்டிகள் ஆலங்குளத்திலும் துலுக்கப்பட்டியிலும் சிமெண்டு ஏற்றின. சிமெண்டு ஏற்றிக்கொண்டு புளியரை வளைவில் ஏறி ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும்போதோ, சேலம் தாண்டித் தொப்பூர் கணவாயில் ஏறும்போதோதான் என்ஜினின் யோக்கியதை தெரியும். வண்டி உருமும், நகராது. கிளீனர் பையன் கையில் கட்டையோடு பின்சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவான்.

போக்குவரத்துக் கழகப் பணிமனையில் டீசல் பம்பும் நாசிலுமாக என் காலம் போனது. அதனால் இந்த இழுவை எப்படிக் கூடி வந்தது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதிவைக்கிறேன். வண்டி வைத்திருந்தவர்களுக்கும் ஓட்டியவர்களுக்கும் பழைய நினைவுகள் வரும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரைசக்தி. 16 டன் வண்டி, 20 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்கும் சக்கரத்தின் உராய்வுக்கும் சேர்த்து ஏறத்தாழ 960 கிலோ இழுவை வேண்டும். என்ஜின் 100 குதிரைசக்தி என்றால் கியர், ஆக்சிலில் போனது போகச் சக்கரத்துக்கு 80 வரும். அதற்கு வண்டி மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். 130 குதிரைசக்தி இருந்தால் 29 கிலோமீட்டர். ஏழு கிலோமீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். இரவெல்லாம் ஓட்டி, விடிவதற்குள் பெங்களூர் சேர வேண்டிய டிரைவரைக் கேட்டால் அந்த ஏழின் அருமையைச் சொல்வார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலைமை தலைகீழ். பெட்ரோல் ரேஷன் வந்ததால் பஸ், லாரிகளின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் அந்தக் கரிவாயு உருளைகளைச் செய்து கொடுத்தார்கள். கரிவாயுவில் ஓடினால் என்ஜின் தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

போர் முடிந்தபின் டீசல் வந்தது. அப்போது நம் சாலைகளில் ஓடியவை செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ, பெட்ஃபோர்டு. பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு பெர்கின்ஸ் பி6 டீசல் என்ஜினை வைத்து ஓட்டியவர்கள் உண்டு. இங்கிலாந்தில் பீட்டர்பரோவில் பிறந்த அந்த ஆறு சிலிண்டர் என்ஜின், 4.73 லிட்டர். பெர்கின்ஸ் என்ஜின்களைச் சென்னையில் சிம்சன் கம்பெனி தயாரித்தது. பழைய வண்டிக்குப் புது உயிர் கொடுக்க நம் ஊர்க்காரர்கள் கண்ட முதல் வழி இதுதான் என்பேன்: என்ஜினையே மாற்றிவிடுவது.

சொந்தமாக டீசல் லாரி செய்யத் தொடங்கியதும் கதை வேகம் பிடித்தது. எண்ணூரில் 1948-இல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. பிறகு லேலண்டின் காமெட் லாரிக்கு வந்து, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா 1954-இல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்தது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்ததால் அதற்கு "பென்ஸ் லாரி" என்றே பெயர். 1969-இல் நட்சத்திரம் போய் "டி" எழுத்து வந்த பின்பும் நம் ஆட்கள் வெகுகாலம் பென்ஸ் என்றுதான் சொன்னார்கள்.

இந்த இரண்டு கம்பெனிகளும் சக்தியைக் கூட்டிய விதம் என்ஜினின் பெயரிலேயே இருக்கிறது. லேலண்டில் 370, 400, 680 என்றால் அத்தனை கன அங்குலம். லிட்டரில் சொன்னால் 6.06, 6.55, 11.1. பீவர், ஹிப்போ என்ற பெரிய வண்டிகளுக்கு 680 போனது. பென்ஸில் முதலில் வந்த ஓ.எம். 312 என்ஜினின் சிலிண்டர் 90 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஓட்டம் 120. ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து 4,580 சி.சி. அடுத்து டாட்டா செய்த 692-இல் அகலம் 92. "6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர்" என்பதுதான் அந்தப் பெயர். 4,788 சி.சி. பின்பு வந்த 697-இல் 97 மில்லிமீட்டர் அகலம், 128 ஓட்டம், 5,675 சி.சி. ஆக 90-லிருந்து 97-க்கு வந்ததிலும் ஓட்டத்தைக் கொஞ்சம் நீட்டியதிலும் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கொள்ளளவு கூடிவிட்டது. பழைய 312-இல் டீசல் ஒரு சின்ன அறைக்குள் பற்றி, அங்கிருந்து சிலிண்டருக்குள் வரும். அந்த அறையின் சுவர் சூட்டைத் தின்றுவிடும். 692-இல் டீசலை நேராகப் பிஸ்டன் தலையிலேயே பீய்ச்சினார்கள். அதே டீசலுக்குக் கூடுதல் வேலை கிடைத்தது.

வண்டியின் எண்ணிலும் இந்தக் கணக்கு உண்டு. 1210 என்றால் 12 டன் மொத்த எடை, 100 குதிரைசக்தி வகை. 1612 என்றால் 16 டன், 120. ஜெர்மன்காரர்கள் விட்டுப்போன வழக்கம்.

இது கம்பெனிக் கதை. பட்டறைக் கதை வேறு. கடன் வாங்கி இரண்டாம் கை வண்டி வாங்கிய அண்ணாச்சியால் புது மாடலுக்குப் போக முடியாது. இருக்கிற என்ஜினிலேயே இழுவை கூட்ட வேண்டும். அதற்கு மூன்று வழிகளை நம்பினார்கள்.

ஒன்று, "போர் பண்ணுவது". தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு வந்தால் வண்டி பாய்கிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் காரணம் வேறு. 92 மில்லிமீட்டரை 93 ஆக்கினால் கொள்ளளவு இரண்டேகால் சதவீதம்தான் கூடும். தேய்மானத்தில் ஓடிப்போன கம்ப்ரஷன் திரும்பி வருகிறது, அவ்வளவே. புதுச் சக்தி வந்ததாகத் தோன்றினாலும், அது இழந்த சக்தி மீண்டு வந்ததுதான்.

இரண்டு, ஆக்சிலில் கிரௌன்-பினியன் பல் கணக்கை மாற்றுவது. ஏற்றத்தில் இழுக்கும், சமதளத்தில் வேகம் குறையும். குதிரைசக்தி ஒரு துளியும் கூடாது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. பம்பில் டீசலைக் கூட்டுவது. பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோவின் பம்புதான் அன்று பெரும்பாலான வண்டிகளில். கம்பெனியில் அளவு வைத்து, கவர்னர் திருகுக்குக் கம்பி கட்டி ஈயச் சீல் போட்டுத்தான் அனுப்புவார்கள். சோதனை மேசையில் கண்ணாடிக் குழாய்களில் டீசலைப் பிடித்து, ஆறு லைனிலும் ஒரே அளவு வருகிறதா என்று நாங்கள் பார்ப்போம். ஒரு சி.சி. கூடினாலும் விடமாட்டோம். வெளியில் சிலர் சீலை உடைத்து அந்தத் திருகை அரைச் சுற்றுத் திருகிவிடுவார்கள். அன்று மாலையே டிரைவர் வந்து, "வண்டி பறக்குது அண்ணாச்சி" என்பார்.

ஆறு மாதம் கழித்துத்தான் கணக்கு வரும். ஒரு கிலோ டீசல் எரியக் குறைந்தது 14 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய 20 கிலோ வேண்டும். திருகைத் திருகினால் டீசல் கூடும், காற்று கூடாது. எரியாத மிச்சம் கரும்புகையாகும், ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். பிஸ்டன் தலை வெடிக்கும், ஹெட் கேஸ்கட் போகும். அப்படி ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டித் தவணையை எப்படிக் கட்டுவது என்று பேச்சில்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு பயமும் உண்டு. அதிக டீசல் குடிக்கும் வண்டியின் சைலன்சரில் கரி படியும். ஏற்றத்தில் அழுத்தும்போது அந்தக் கரி கனன்று பொறியாகப் பறக்கும். சிமெண்டு லோடுக்குப் பரவாயில்லை. பின்னால் இருப்பது பட்டாசுப் பெட்டி என்றால்? வெடிபொருளுக்கென உரிமம் பெற்ற வேன்களின் சைலன்சரில் பொறித்தடுப்பான் கேட்பது இதனால்தான். வேறு ஊரில் இது மைலேஜ் விஷயம். மருந்து வாடை அறிந்த நம் ஊரில் உயிர் விஷயம்.

அப்படியானால் நேர்மையான வழி என்ன? டீசலோடு காற்றையும் கூட்டுவதுதான். சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூகி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். வீணாக வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. அதுதான் டர்போ. 1954-இல் வால்வோ தன் லாரி என்ஜினில் இதை வைத்து 150 குதிரைசக்தியை 185 ஆக்கியது. நம் நாட்டில் 1980-களிலும் 90-களிலும்தான் பரவலாயிற்று. சென்னையில் டர்போ எனர்ஜி நிறுவனம் செய்யத் தொடங்கியது. டாட்டாவின் 697-க்கும் டர்போ வந்தது. பின்னர் டாட்டா கம்மின்ஸ் கூட்டில் வந்த 5.9 லிட்டர் என்ஜினும் டர்போவோடுதான்.

அதைப் பார்த்துப் பழைய என்ஜினில் டர்போ மட்டும் வாங்கிப் பூட்டியவர்களும் உண்டு. டர்போ வைத்த என்ஜினுக்குப் பிஸ்டன் வேறு, கேஸ்கட் வேறு, ஆயில் ஓட்டம் வேறு. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை சுற்றுகிற சாமான் அது. வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும். பழைய டிரைவர்களுக்கு அந்தப் பொறுமையைப் பழக்கவே பல வருஷம் ஆயிற்று.

சட்டமும் பின்னாலேயே வந்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 1989 விதிகள் புகைக்கு ஓர் அளவு வைத்தன. திருகைத் திருகியவர்கள் புகைச் சோதனையில் மாட்டினார்கள்.

கடைசியாக ஒன்று. இழுவை கூடியதும் நம் ஆட்கள் செய்த முதல் காரியம் லோடைக் கூட்டியதுதான். 130 குதிரைசக்தி இருக்கிறதே என்று இன்னும் ஐம்பது மூட்டை. ஏறும்போது அது தெரியாது. திரும்பி வரும்போது அதே தொப்பூர் இறக்கம். அங்கே குதிரைசக்தி உதவாது, பிரேக்தான் வேண்டும். பிரேக்கை யாரும் பெரிதாக்கவில்லை. அந்தக் கணவாயில் நடந்த லாரி விபத்துகளைச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐம்பது மூட்டைதான் ஞாபகம் வரும்.

இன்று பேரன் வயதுப் பையன்கள் ஓட்டும் வண்டிகளில் 200, 250 குதிரைசக்தி. பம்பில் திருகே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் கை வைத்து இழுவை கூட்டித் தருகிறோம் என்று சொல்பவர்கள் வந்துவிட்டார்கள். திருகு போனாலும் ஆசை போகவில்லை. உங்கள் வீட்டில் லாரி வைத்திருக்கும் பிள்ளைகள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: கூட்டுவதானால் முதலில் பிரேக்கையும் ரேடியேட்டரையும் பார்க்கட்டும். இழுவை அப்புறம்.